பொழுது போகாத வாட்டு

ஆஸ்பத்திரியில் மனநோய் வாட்டில் இருந்தேன் என்று சொன்னால் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அடித்தார்களா? கட்டிப் போட்டார்களா? என்னை யாரும் அடிக்கவில்லை. கட்டிப் போடவும் இல்லை. இதைச் சொன்னதும் கேட்டவர்களின் முகம் சப்பென்று ஆகிவிடும். அவர்கள் எதிர்பார்த்து வந்த கதை வேறு. என்னிடம் இருப்பது இதுதான்: எட்டு வாரம் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

"சும்மா இருந்ததுக்கா இம்புட்டுக் கோவம்?" என்று என் அண்ணன் ஒருமுறை கேட்டான். தோட்டத்தில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமைகூட விறகு பொறுக்கப் போகிறவன் அவன். சும்மா இருப்பது சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனை ஒரு வாரம் அந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு கேட்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஊவா மாகாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்று எழுத மாட்டேன். அங்கே வேலை செய்தவர்களில் நல்லவர்களும் உண்டு. பெயரைப் போட்டால் நல்லவர்களும் மாட்டுவார்கள்.

நான் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். கொழுந்து எடுக்கப் போக மாட்டேன் என்று அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு பதினெட்டு வயதில் வெலிமடைக்கு வேலைக்குப் போனேன். மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் கடை. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தரம் பிரித்து மூட்டை கட்டி லொறிக்கு அனுப்ப வேண்டும். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் சிங்களப் பெண்கள். அதனால் எனக்குச் சிங்களம் வந்தது. பள்ளிக்கூடத்துச் சிங்களம் இல்லை, சந்தைச் சிங்களம்.

எனக்குச் சுகமில்லாமல் போனது உண்மை. அதை மறைத்து எழுத இஷ்டமில்லை. பன்னிரண்டு நாள் தூக்கம் இல்லை. லொறிக்காரர்கள் எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் கடைத் தராசைத் தூக்கி நடுரோட்டில் எறிந்தேன். அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தான். மருந்து வேலை செய்தது. மூன்றாவது வாரம் தலை தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. கலங்கிய தலைக்கு எப்படியோ பொழுது போய்விடுகிறது.

காலை ஐந்தரைக்கு எழுப்புவார்கள். தேத்தண்ணி. மாத்திரை. முகம் கழுவல். சாப்பிடப் பாண். ஏழு மணிக்கெல்லாம் ஒரு நாளுக்கான வேலை முழுக்க முடிந்துவிடும். எட்டு மணிக்குக் கட்டில் விரிப்பைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருக வேண்டும். செருகிய பிறகு பன்னிரண்டு மணி வரைக்கும் கட்டிலில் உட்காரக் கூடாது, சுருக்கம் விழுமாம். யாராவது பெரியவர்கள் வந்து பார்த்தால் வாட்டு அழகாக இருக்க வேண்டுமாம். நாங்கள் இருபது பேர் சுவரோரம் நீளமாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. மரக்கூட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி யாரிடம் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள். சுவரில் ஒரு டயர்க் கடைக் கலண்டர், போன வருஷத்தது. கூரைத் தகட்டில் எத்தனை ஆணி என்று எண்ணினேன். மறுநாள் திரும்ப எண்ணினேன். முதல்நாள் தப்பாக எண்ணியிருந்தது தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் மூன்றாம் முறை எண்ணுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அப்படி ஒரு நிலைமை.

ஆஸ்பத்திரிக்குக் கீழே ரோட்டு. மரங்கள் மறைப்பதால் பஸ் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். வெலிமடை பஸ்ஸா மொனராகலை பஸ்ஸா என்று ஹோர்ன் சத்தத்தை வைத்துப் பந்தயம் கட்டுவோம். பின்னேரத் தேத்தண்ணிக்குத் தரும் பிஸ்கட் இரண்டில் ஒன்று பந்தயம். யார் சொன்னது சரி என்று பார்ப்பதற்கு வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு பந்தயமும் சண்டையில்தான் முடியும். சண்டை வந்தால் பத்து நிமிஷம் போகும். அதற்காகத்தான் பந்தயம்.

வேலை கேட்டுப் பார்த்தோம். விளக்குமாறு தாருங்கள், நாங்களே கூட்டுகிறோம் என்றோம். கம்பால் யாரையாவது அடித்துவிடுவோமாம். ஊசி நூல் கேட்டோம், குத்திக்கொள்வோமாம். சமையலறைக்கு அவரைக்காய் உரித்துக் கொடுக்கிறோம் என்று கேட்டேன். மிஸ்ஸி சிரித்தாள். நர்ஸ்மாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். "ஓய்வெடுக்கத்தானே வந்திருக்கிறாய், ஓய்வெடு" என்று சிங்களத்தில் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பெஞ்சில் எனக்கு வலப்பக்கம் உட்காருகிறவள் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். புருஷன் செத்த பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, சோறு தண்ணீர் இல்லாமல் தேயிலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாளாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார். நான் போனபோது அவள் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பேச்சும் திரும்பியிருந்தது, சாப்பாடும் திரும்பியிருந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு மகள், தங்கச்சி வீட்டில். அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. பிறகு ஏன் இவளை இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அவளுடைய கைகள் மட்டும் சும்மா இருக்காது. மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு, அதில் எழும்பியிருக்கும் நூல்முனைகளை இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளி முதுகுக்குப் பின்னால் எறிவாள். கண் வேறெங்கோ இருக்கும். கொழுந்து எடுப்பதை ஒருமுறையாவது பார்த்தவர்களுக்கு அது என்னவென்று உடனே தெரியும். இருபத்தெட்டு வருஷம் தேயிலை நிரையில் நின்ற கை, முதுகில் தொங்கும் கூடைக்குள் எறிகிறது. மிஸ்ஸிமாருக்கு அது தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் பிடித்து எறிகிறாள் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒரு வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

டொக்டர் வெள்ளிக்கிழமைகளில்தான் வருவார். இளம் வயது. தமிழ் தெரியாது. என்னைப் போலச் சிங்களம் தெரிந்தவர்களிடம் நேரே பேசுவார். மற்றவர்களுக்கு, வாட்டைக் கூட்டித் துடைக்கும் பெண்ணைக் கூப்பிடுவார்கள். அவளும் தோட்டத்தில் பிறந்தவள்தான். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து மொழிபெயர்ப்பாள். அந்த வேலையை அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

அன்றைக்கு அக்காவிடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அக்கா சொன்ன பதில் ஒன்றுதான்.

"தூக்கம் வருதா?"

"ஆமாங்க."

"காதுல யாரோ பேசுறாப்புல கேக்குதா?"

"ஆமாங்க."

"யாராச்சும் ஒனக்குக் கெடுதி செய்யப் பாக்குறாங்களா?"

"ஆமாங்க."

டொக்டர் எழுதினார். பிறகு மிஸ்ஸியிடம் சிங்களத்தில் சொன்னார்: "பத்து வாரமாக மாற்றமே இல்லை. அடுத்த வெள்ளியும் இப்படியே இருந்தால் திங்கட்கிழமை வண்டியில் கொழும்புப் பக்கம் அனுப்பிவிடுவோம்."

கொழும்புப் பக்கம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று லயத்தில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. ஆனால் தெமோதரையிலிருந்து ஒரு தங்கச்சிக்காரி, ஒரு நாள் வேலையை விட்டு, ஒரு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு எத்தனை தடவை கொழும்புக்குப் போவாள்? ஒரு தடவை. அதற்குப் பிறகு தீபாவளிக்கு ஒரு தடவை. பிறகு நின்றுவிடும்.

டொக்டர் போனதும் அக்காவைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏங்க்கா, ஒங்களுக்குக் காதுல கொரலு கேக்குதா?"

"கொரலா? என்னா கொரலு?"

"இப்பத்தானே அந்தாளுகிட்ட கேக்குதுன்னு சொன்னீங்க!"

"ஒரு மண்ணும் கேக்கல புள்ள."

"பின்ன ஏன் ஆமாங்கன்னீங்க?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போல் பார்த்தாள். "டொக்டரு கேக்குறாரு. இல்லைன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா? கோவிச்சுக்க மாட்டாரா?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவள் சொன்னது எனக்குப் புதிதில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை என்ன கேட்டாலும் பதில் ஆமாங்க. நேற்று நீதான் நிரையை விட்டுவிட்டுப் போனாயா? ஆமாங்க. விட்டது வேறொருத்தியாக இருக்கும். இருந்தாலும் ஆமாங்க. இல்லைங்க என்று சொன்னவளுக்கு அன்றைக்குக் கால் வைக்க முடியாத கல்லு மலையில்தான் வேலை. ஆமாங்க என்றால் திட்டோடு போகும். இதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. தாயின் இடுப்பில் இருந்து பார்த்தே பழகிவிடுகிறோம். நான் வெலிமடைக்கு ஓடிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

டொக்டர் அக்காவிடம் பெரட்டுக் கேள்வி கேட்கிறார் என்று அக்கா நினைத்தாள். அக்கா தன் நோயைச் சொல்கிறாள் என்று டொக்டர் நினைத்தார். இந்த லட்சணத்தில் பத்து வாரம் போயிருக்கிறது. பத்து வாரமும் அவளுக்கு மாத்திரை கூடிக்கொண்டே போயிருக்கிறது.

வண்டி விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய கைகள் நின்றன. "ஐயோ, அந்தப் புள்ளைக்கு நான் என்னா சொல்லுவேன்?" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை.

"அடுத்த வெள்ளிக்கெழம இல்லைங்கன்னு சொல்லணும். அம்புட்டுத்தான்."

"சரி புள்ள."

"எங்க, சொல்லுங்க. காதுல கொரலு கேக்குதா?"

"இல்லைங்க," என்றாள் உடனே. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி இரண்டு நிமிஷம்தான்.

எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவள் யாழ்ப்பாணத்து டீச்சர். பதுளையில் முப்பது வருஷம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஒரே ஒரு பழைய பத்திரிகைத் தாளை வைத்து நாள் முழுக்க வாசிப்பாள். அதில் வந்திருந்த ஒரு மரண அறிவித்தலை மனப்பாடமாகவே சொல்வாள். அவள் தாளை மடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"பொறும். நான் கேக்கிறன். உமக்குக் காதுக்குள்ள குரல் கேக்குதோ?"

அக்கா சீலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, பாதி எழுந்து, "ஆமாங்க," என்றாள்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "உவ என்னை டொக்டர் எண்டு நினைக்கிறா. நல்லது. அப்ப நான்தான் டொக்டர்," என்றாள்.

மறுநாளிலிருந்து காலை எட்டு மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கியதும் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. டீச்சர் டொக்டர். பத்திரிகைத் தாளைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். நான் துடைக்கும் பெண். இல்லாத விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நிற்பேன். மூலையில் யாரோடும் பேசாமல் இருந்த ஒரு சின்னப் பெண்ணை மிஸ்ஸியாக்கினோம். அவள் வாயே திறக்க வேண்டியதில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினால் போதும். நன்றாகவே சுளித்தாள். மற்றவர்கள் நோயாளிச் சனம். டீச்சர் ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் அக்காவிடம் வருவாள்.

நான் கேட்டால் இல்லைங்க. டீச்சர் கேட்டால் ஆமாங்க. சனியும் அப்படி, ஞாயிறும் அப்படி. டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இஞ்ச பாரும். நீர் கழுதையோ?"

"ஆமாங்க."

"உமக்கு வால் இருக்கோ?"

"ஆமாங்க."

"பாத்தீரோ பிள்ளை? உவவுக்கு வாலும் இருக்காம்," என்றாள் டீச்சர் என்னிடம்.

அக்காவே விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "என்னா செய்ய டீச்சரம்மா, வாயி தானா சொல்லிருது," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மிஸ்ஸி வந்து கத்தினாள். சத்தம் கூடிவிட்டதாம், நோயாளிகளுக்கு உற்சாகம் கூடாதாம். எங்கள் மூன்று பேரையும் பெஞ்சின் இரண்டு கோடிக்கும் நடுவுக்குமாகப் பிரித்து உட்கார வைத்தாள். டீச்சர் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து வகுப்பறைக் குரலில் கேட்டாள். "அங்க கடைசியில இருக்கிறவ! நீர் கழுதையோ?" தூரம் கூடியதால் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் இருந்தவர்கள் எல்லாரும் கேள்வியையும் பதிலையும் கைமாற்றிக் கொண்டு போனார்கள்.

அந்த வாரம் ஒருவரும் பஸ்ஸுக்குப் பந்தயம் கட்டவில்லை. அதை நான் கவனித்தேன். பன்னிரண்டு மணிக்குச் சோற்று வண்டி வந்தபோது "அதுக்குள்ளயா?" என்று யாரோ கேட்டார்கள். அந்த வாட்டில் அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வியாழக்கிழமை டீச்சர் வழக்கம்போல் கழுதைக் கேள்வியைக் கேட்டாள். அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்:

"நான் ஏங்க கழுத? ஆறு நாளா ஒரே கேள்வியக் கேட்டுக்கிட்டு இருக்கிற நீங்கதான் கழுத."

டீச்சர் கை தட்டினாள். எல்லாரும் தட்டினோம். மிஸ்ஸி ஓடி வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் டீச்சருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை. வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னார்கள் என்றால் தலைக்குக் கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஏழு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பிக் கொண்டுவந்து படுக்க வைத்தபோது வாயைத் திறந்தபடி தூங்கினாள். அன்றைக்கு அவளுடைய கட்டிலில் மட்டும் சுருக்கம் விழலாம் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று போன வாரமே சொல்லியிருந்தார்கள். அண்ணன் சனிக்கிழமை உடுப்போடு வருவதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஒரு நாள் இருந்தால் போதும். மிஸ்ஸியும் காலையிலேயே என்னிடம் வந்து, "இன்றைக்கு உன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு டொக்டர் அக்காவிடம் வந்தார். துடைக்கும் பெண் பக்கத்தில் நின்றாள்.

"காதுல யாரோ பேசுறாப்புல கேக்குதான்னு கேக்குறாரு."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். வாய் ஆ என்று திறந்தது. மூடியது.

"இல்லைங்க," என்றாள்.

"யாராச்சும் ஒனக்குக் கெடுதி செய்யப் பாக்குறாங்களா?"

"இல்லைங்க."

டொக்டர் பேனாவை நிறுத்தினார். பழைய பக்கங்களைப் புரட்டினார். இத்தனை வாரம் ஆம் என்று சொல்லிவிட்டு இன்றைக்கு இல்லை என்கிறாளே, எது பொய் என்று கேட்டார். இந்தக் கேள்வியை நாங்கள் பழகவில்லை. டீச்சர் இருந்திருந்தால் ஒருவேளை யோசித்திருப்பாள். எனக்குத் தோன்றவே இல்லை.

"எது பொய்யின்னு கேக்குறாரு," என்றாள் துடைக்கும் பெண்.

"அன்னைக்குச் சொன்னதுதாங்க பொய்யி. ஐயா கேட்டீங்க, ஆமான்னேன். பெரட்டுல தொர கேட்டா ஆமான்னுதானே சொல்லுவோம்?"

துடைக்கும் பெண் ஒரு நொடி அக்காவைப் பார்த்தாள். அவளுக்கு நன்றாக விளங்கியிருக்கும், அவளும் பெரட்டில் நின்றவள். ஆனால் டொக்டரிடம் அவள் சொன்னது, "ஞாபகமில்லையாம், மன்னிக்கட்டாம்." அவளும் ஆமாங்கதான் சொல்கிறாள், சிங்களத்தில்.

டொக்டர் அடுத்ததாகக் கையைக் காட்டினார். பகல் முழுக்க எதையோ பிடித்துப் பின்னால் எறிகிறாளாமே, அங்கே என்ன தெரிகிறது?

அது மொழிபெயர்ந்து வந்ததும் அக்கா தன் கைகளையே குனிந்து பார்த்தாள். பிறகு பேசினாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

"ஒன்னுந் தெரியலைங்க. பொழுது போகலைங்க. எட்டு மணிக்குக் கட்டில விட்டு எறக்கிர்றாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் இந்தப் பெஞ்சுல குந்தியிருக்கோம். வெளக்குமாறு கேட்டாத் தரமாட்டேங்கிறாங்க. ஊசி கேட்டாத் தரமாட்டேங்கிறாங்க. இருவத்தெட்டு வருசம் கொழுந்து எடுத்த கையிங்க, இது எப்பிடிச் சும்மா கெடக்கும்? ஐயா ஒரு நாளைக்கு வந்து இதுல குந்திப் பாருங்க. ஒங்க கையி என்னா செய்யிதுன்னு நாங்களும் பாக்குறோம்."

டொக்டர் துடைக்கும் பெண்ணைப் பார்த்தார். அவளுக்கு வேர்த்துவிட்டது.

"கொஞ்சம் களைப்பாக இருக்கிறதாம்," என்றாள் சிங்களத்தில்.

டொக்டர் எழுதத் தொடங்கினார். களைப்பு என்று. திங்கட்கிழமை வண்டி எனக்குக் கண்ணில் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். "அவள் சொன்னது அது இல்லை," என்றேன் சிங்களத்தில்.

மிஸ்ஸி உட்கார் என்றாள். நான் உட்காரவில்லை. அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். பெரட்டைச் சொன்னேன். விளக்குமாற்றைச் சொன்னேன். கொழுந்து எப்படிக் கிள்ளுவார்கள், கூடை எங்கே தொங்கும் என்று கையாலேயே செய்து காட்டினேன். நீ ஒருநாள் இந்த பெஞ்சில் உட்கார்ந்து பார் என்றதையும் சொன்னேன். பெரியவர்களிடம் பேசும் மரியாதைச் சிங்களம் எனக்குத் தெரியாது. லொறிக்காரர்களிடம் பேசும் சிங்களம்தான் தெரியும். அதில்தான் சொன்னேன். சத்தமாகவும் சொன்னேன். சத்தம் போடாமல் பேச எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது.

மிஸ்ஸி என் கையைப் பிடித்தாள். உதறினேன். அந்த உதறலை எழுதிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

டொக்டர் கத்தவில்லை. பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார். "பகலில் இவர்களுக்கு என்ன வேலை?" என்று மிஸ்ஸியிடம் கேட்டார். "ஓய்வு, சேர்," என்றாள். அவர் நிறைய நேரம் எழுதினார். போகும்போது, கொழும்புக்கு அனுப்ப வேண்டாம், ஒரு மாத்திரையைக் குறைத்து இரண்டு வாரம் பார்ப்போம் என்றார். என்னைப் பற்றியும் மெதுவாக ஏதோ சொன்னார். சிங்களம் தெரிந்தும் அது எனக்குக் கேட்கவில்லை.

பின்னேரம் எனக்கு ஊசி போட்டார்கள். சனிக்கிழமை அண்ணன் உடுப்புப் பையோடு வந்து நின்றான். எனக்கு மறுபடியும் நோய் கிளம்பிவிட்டது, இன்னும் மூன்று வாரம் என்று மிஸ்ஸி அவனிடம் சொன்னாள். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஒனக்கு என்னத்துக்குடி அடுத்தவ வம்பு? வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா இப்ப பஸ்ஸுல இருந்திருப்ப!"

"இருந்திருப்பேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா? பையக் குடுத்துட்டுப் போ."

பையைக் கொடுக்கவில்லை. கோபத்தில் கொண்டுபோய்விட்டான்.

அந்த மூன்று வாரமும் எனக்குப் பொழுது நன்றாகப் போனது என்று எழுதினால் அது பொய். ஊசியில் நாக்குத் தடித்து, கழுத்து இழுத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நேரம் நகரவே இல்லை. டீச்சர் எழுந்தபோது அந்த வாரம் முழுக்க அவளுக்கு மறந்துபோயிருந்தது. டொக்டராக நடித்தது நீங்கள்தான் என்றேன். "நானோ? விசர்க் கதை கதையாதையும்," என்றாள். முழுக்கதையையும் சொன்னேன். கழுதை வந்த இடத்தில் சிரித்தாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். மூன்று தடவை சொல்லியிருப்பேன். அவளுடைய பங்கை அவளிடமே சொல்ல வேண்டியிருந்தது.

வாட்டில் என்ன மாறியது என்று கேட்டால், ஒரு கட்டுப் பழைய சஞ்சிகை வந்தது. எல்லாம் சிங்களம். விளக்குமாறு வரவில்லை. கட்டில் சட்டம் அப்படியே இருந்தது.

ஆனால் திங்கட்கிழமை வண்டி அக்கா இல்லாமல்தான் போனது. இரண்டு வாரத்தில் டொக்டர் அவளைப் போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிக்காரி பிள்ளையோடு வந்தாள். பிள்ளை உள்ளே வரப் பயந்து வாசலிலேயே நின்றது, அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அக்கா ஆஸ்பத்திரி உடுப்பை மடித்துக் கட்டிலில் வைத்தாள், சீலையைக் கட்டினாள், என் கன்னத்தை ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டுப் போனாள்.

வாசல் வரைக்கும் நேரே நடந்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று முதல்நாளே நான்தான் சொல்லியிருந்தேன்: பாத்தா அழுவீங்க, அழுதா எழுதிக்குவாங்க. மிஸ்ஸி மேசையில் பேனாவோடுதான் இருந்தாள். எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.